உப்பளத்தாள் மரம்

கொத்தங்கரை,
20-6-1972

அன்புத் தம்பி சாமிதுரைக்கு அக்கா அம்சம் எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், ராஜாத்தி மூவரும் சுகம். ஆடு இரண்டும்கூடச் சுகம்தான். உன் வயிற்றுவலி நின்றதா? காட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்றாயே, சோம்பல்படாமல் காய்ச்சிக் குடி.

விஷயத்துக்கு வருகிறேன். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டது அல்லவா, அதற்காக நம் தெருவுக்கு ஆர்.ஐ. வந்து எழுதிக்கொண்டு போனார். தெருவில் ஆறு குடிசை. ஐந்துக்குப் பண்ணை வாய் திறக்கவில்லை. ஆறாவதான நம்முடையதற்கு மட்டும் ஆட்சேபணை மனு. 'அது எங்கள் தோப்பு. தேங்காய்க் காவலுக்காகப் போன ஐப்பசியில்தான் அம்சம் புருஷன் வீரையனை அங்கே உட்கார வைத்தோம். சட்டம் வந்த பிறகு வந்தவனுக்கு மனை கிடையாது' என்று எழுதியிருக்கிறார்கள். உன் மச்சான் சங்கத்துக் கொடி பிடிக்கிறார், கூலி கூடக் கேட்கிறார். அந்தக் கோபம் இப்படி வந்து நிற்கிறது.

நீயும் நானும் பிறந்த இடம். அம்மாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன வாசல். அது போன ஐப்பசியாம்! ரேஷன் கார்டிலும் ஓட்டு லிஸ்டிலும் தெருப் பெயர்தான் இருக்கிறது, எந்தக் குடிசை என்று இல்லை. மற்ற ஐந்து வீட்டாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர்கள் பட்டாவும் இன்னும் கைக்கு வரவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. தாசில்தார் நேரில் வந்து பார்ப்பாராம். தோற்றால் அறுப்புக்குள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். எங்கே போவது என்று கேட்காதே. எனக்கும் தெரியவில்லை.

கொல்லையில் அம்மாவுடைய பாலை, அந்த உப்பளத்தாள் மரம், இந்த வருஷமும் பழுத்தது. ராஜாத்தி தின்றுவிட்டு உதடு ஒட்டிக்கொண்டு பேசமுடியாமல் நின்றாள். அரை நாள் வீடு நிம்மதியாக இருந்தது.

பதில் போடு.
அக்கா அம்சம்


கோடியக்கரை,
2-7-1972

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் சாமிதுரையின் வணக்கம். ராஜாத்திக்கு முத்தம். வயிறு இப்போது தேவலை.

மனை விஷயம் படித்து மனம் கஷ்டப்பட்டது. நல்லபடியாக முடியும், கவலைப்படாதே.

உதடு ஒட்டிய கதையைப் படித்துச் சிரித்தேன். இங்கே பாலைக் காடு முழுவதும் பழம். வேதாரணியத்திலிருந்து பெண்கள் கூடையோடு வருகிறார்கள். கீழே மானும் மேலே குரங்குமாக ஒரே பந்திதான். நீ இந்தக் காட்டைப் பார்க்கவேண்டும் அக்கா. கடலோரத்தில் மணல் மேடும் பள்ளமுமாகப் போகிறது. பள்ளத்தில் உப்புத் தண்ணீர் நிற்கும், அங்கே பாலை வராது. மேட்டில் ஏறினால் பாலையைத் தவிர வேறு மரம் கொஞ்சம்தான். ஒரு மரமும் நெட்டையாகப் போவதில்லை, கடல்காற்று உச்சியைச் சீவிவிட்டு விடுகிறது. வெயிலில் மணல் கொதிக்கும். உள்ளே நுழைந்தால் இருட்டாக, குளிர்ச்சியாக இருக்கும். பங்குனி வெயிலிலும் இலை உதிர்க்காத மரம் இது.

எனக்கு ஆச்சரியம் அதன் கன்றுதான். தாய்மரத்து நிழலில் ஒரு சாண் உயரத்தில் வருஷக்கணக்காக அப்படியே நிற்கிறது. வளரவும் வளராது, சாகவும் சாகாது. கிழமரம் ஒன்று விழுந்து வெயில் உள்ளே வரட்டும் என்று காத்திருக்கிறது. ரேஞ்சர் ஐயா ஒரு மரத்தைக் காட்டி, "இது எங்க தாத்தாவுக்கு மூத்தது" என்றார். என் இடுப்புப் பருமன்தான் இருந்தது.

என் காட்டு வாட்சர் வேலையை நிரந்தரம் செய்யப் பெயர் அனுப்பியிருக்கிறார்கள். சாமிக்கு ஒரு சூடம் கொளுத்து.

அன்புத் தம்பி,
சாமிதுரை


கொத்தங்கரை,
15-7-1972

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். சூடம் கொளுத்தியாயிற்று. இங்கே மூவரும் சுகம், எனக்கு மட்டும் நடவில் நின்று காலில் சேற்றுப்புண். வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடக்கிறது.

நீ குரங்குக்கும் மானுக்கும் இரண்டு பக்கம் எழுதினாய். எங்களுக்கு ஒரு வரி. நாங்களும் மரத்தில் ஏறி உட்கார்ந்தால் இன்னும் நாலு வரி கிடைக்குமோ?

இப்போது ஒரு புதுத் தலைவலி. மனையில் மரம் இருந்தால் அது தோப்பு, தோப்புக்குச் சட்டம் செல்லாது என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் மச்சான் அன்றிலிருந்து உப்பளத்தாள் மரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பண்ணை மண்ணில் எவன் நட்டாலும் மரம் பண்ணைக்கு என்பதுதானே இந்த ஊர் வழக்கம். அதனால்தான் நம் தெருவில் ஒரு முருங்கைகூடக் கிடையாது.

அம்மா கதை உனக்கு நினைவு இருக்காது, நீ பிறக்கவே இல்லை. நான் வயிற்றில் இருந்தபோது கோடியக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய், முந்தானையில் பாலைப்பழம் முடிந்து வந்தாள். உப்பளத்தாள் என்று ஊர் கூப்பிட்டது அந்தத் தாய்வீட்டை வைத்துத்தானே. தின்றுவிட்டுக் கொல்லையில் கொட்டையைத் துப்பினாள். ஒன்று முளைத்தது. பாத்திரம் கழுவின தண்ணீரெல்லாம் அதற்குத்தான். நாலைந்து வருஷம் கழித்து அப்போதைய பண்ணைக் காரியக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. "யாரைக் கேட்டு மரம் வைக்கிறே?" என்று கேட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் வைக்கலீங்க ஐயா. தானா முளைச்சுதுங்க" என்றாள். காய்க்காத காட்டு மரம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

அந்தப் பொய்யையே இப்போது பண்ணை பிடித்துக்கொண்டது. தானாக முளைத்த மரம் என்று உப்பளத்தாளே சொன்னாளாம், ஆக அங்கே யாரும் குடியிருக்கவில்லையாம்.

நீ மரத்து இலாகாவில் இருக்கிறவன். மரம் நின்றால் மனை போய்விடுமா? சட்டென்று எழுது. மச்சான் கோடாலியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறார்.

அக்கா அம்சம்


கோடியக்கரை,
14-8-1972

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். காலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடு. பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

ஆடிப் பிறப்புக்குக் கடலில் முழுக நம் ஊரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். காரியக்காரர் பஞ்சநதம் என் குடிலைத் தேடியே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். "காக்கிச் சட்டையில ஆளே மாறிட்டியேப்பா" என்று தோளைத் தட்டினார். என் வேலையை நிரந்தரம் செய்யுமுன் நடத்தை விசாரித்து ஊருக்குக் கடுதாசி வருமாம். அதற்குப் பதில் எழுதுகிற கிராம முன்சீப்பு அவருடைய அண்ணன் மகன்தானே. "நல்ல பையன்னு எழுதிப்புடலாம், நீ நல்ல பையனா இரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதை விடு. நீ கேட்டதற்குப் பதில். மரத்தைத் தொடவேண்டாம். மச்சானிடம் கெஞ்சிக் கேட்டதாகச் சொல். ஒரு மரம் நிற்பதால் மனை தோப்பாகிவிடாது என்று ரேஞ்சர் ஐயா சொன்னார். அதற்கும் மேலே ஒன்று: நமக்குச் சாட்சியே அந்த மரம்தான். பாலை மணல் மேட்டு மரம். நம் ஊர்க் களிமண்ணில் தண்ணீர் கட்டி நின்றால் கன்றிலேயே அழுகிப்போகும். நம் குடிசை இருக்கிற இடம் மட்டும் அந்தக் காலத்தில் வாய்க்கால் தூர் வாரிக் கொட்டின மணல். அதனால் பிழைத்தது. அப்படியும் முதல் கோடைகளைத் தாண்ட யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கவேண்டும். போன ஐப்பசியில் வந்தவனால் அது ஆகுமா? பாலை அடிமரம் தொடைப் பருமன் ஆக ஒரு ஆயுளில் பாதி போய்விடும்.

நெஞ்சுயரத்தில் கயிறு போட்டு மரத்தின் சுற்றளவை எழுதி அனுப்பு. ரேஞ்சர் ஐயாவிடம் கேட்டு வயது சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
சாமிதுரை


கொத்தங்கரை,
20-8-1972

தம்பிக்கு ஆசீர்வாதம். கடிதம் நேற்று வந்தது. எல்லோரும் சுகம். கால் ஆறிவிட்டது.

பஞ்சநதம் வந்து டீ குடித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். நீ இங்கே வரவேண்டாம். விசாரணை நடக்கிற அன்று ஊர்ப் பக்கமே தலை காட்டாதே. நம் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாங்குகிற ஒரே ஆள் நீ. உனக்கு வாய்க்காங்கரையில் மணலைப் பரப்பி விரலைப் பிடித்து எழுதப் பழக்கினது, மறுபடி அந்தப் பண்ணைக்கே வந்து கைகட்டி நிற்பதற்கு இல்லை. இதை நான் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, மனதாரத்தான் எழுதுகிறேன்.

மரத்தைப் பற்றிக் கேட்டாய். மரம் எங்கேயும் போய்விடவில்லை, கொல்லையில்தான் இருக்கிறது. கயிறு ஆட்டுக்குக் கட்டியிருக்கிறது. அவிழ்த்ததும் அளக்கிறேன். மச்சானுக்குக் கொஞ்சம் உடம்பு அசதி, சரியாகச் சாப்பிடுவதில்லை. ராஜாத்தி பள்ளிக்கூடம் போகிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


கோடியக்கரை,
29-8-1972

அக்காவுக்கு வணக்கம். இங்கே சுகம். கார்டில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். சுற்றளவு வரவில்லையே? ஆட்டை எவ்வளவு நேரம் கட்டிப்போட்டிருக்கிறாய்? மச்சானுக்கு என்ன அசதி? விசாரணைத் தேதி தெரிந்ததா? நான் வரவேண்டாம் என்றதைப் படித்தேன்.

சாமிதுரை


கொத்தங்கரை,
8-9-1972

தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்பெல்லாம் சுகம். மனசுதான் சரியில்லை, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மரம் இல்லை. உன் கடிதம் வந்ததற்கு முதல் நாள் சாய்ந்தது. மச்சான் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். உன்னிடமிருந்து பதில் இல்லை. 'தாசில்தார் வந்து மரத்தைப் பார்த்தால் தோப்பு என்று எழுதிவிடுவான், பண்ணை மரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மனை கேட்டால் எவன் தருவான்' என்று எடுத்தார் கோடாலியை. மூன்று நாள் வெட்டினார். கோடாலி இரண்டு தடவை மழுங்கியது. நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. வெட்டின இடமெல்லாம் பால் வடிந்தது. மறுநாள் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வாசித்துக் காட்டினேன். மனுஷன் அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

உனக்கு எழுதக் கை வரவில்லை. 'கொல்லையில்தான் இருக்கிறது' என்று எழுதினேன் அல்லவா, கிடக்கிறது என்று எழுதியிருக்கவேண்டும்.

உன் மேல் கோபம் இருக்கிறது சாமிதுரை. ஒரு கார்டு, ஒரே வரி எழுதியிருந்தால் போதும். டீ குடித்துவிட்டுப் போன ஆளுக்குப் பயந்து ஒரு மாதம் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால் கோபம் குறைந்துவிடவும் இல்லை.

தாசில்தார் அக்டோபர் ஆறாம் தேதி வருகிறார். மச்சானுக்கு இப்போது அடிமரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேரோடு எடுத்து மூடிவிடுகிறேன் என்று தோண்டிக்கொண்டிருக்கிறார். அதிலும் தொல்லை. வேருக்கு அடியில் நத்தை ஓடாகக் கொட்டுகிறது. சாம்பலும் ஓட்டுச்சில்லும் நத்தை ஓடும். ராஜாத்தி காலைக் கிழித்துக்கொண்டாள். அம்மா வயலில் பொறுக்கி வந்து குழம்பு வைத்துக் கொட்டினதெல்லாம் அங்கேதான் போலிருக்கிறது.

நீ சாப்பிடு, தூங்கு. வேலையை விட்டுவிடாதே.

அக்கா அம்சம்


கோடியக்கரை,
12-9-1972

அக்கா, கார்டு கிடைத்த நிமிஷமே மச்சானைத் தோண்டுவதை நிறுத்தச் சொல். வேரையும் நத்தை ஓட்டையும் யாரும் தொடக்கூடாது. குழியில் மழை விழாமல் கீற்றைப் போட்டு மூடு. மேலே ஆட்டைக் கட்டு. மச்சான் மேல் கோபப்படாதே, அவர் மேல் தப்பு இல்லை. மற்றபடி சுகம்.

சாமிதுரை


கொத்தங்கரை,
8-10-1972

என் தங்கமான தம்பிக்கு அக்காவின் ஆயிரம் ஆசீர்வாதம். சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் ஏதாவது சாப்பிட்டாயா? உனக்காக நத்தைக் குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய்கூடத் தின்னாமல் மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய்.

நாலு வாரம் உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. நான் சொன்னபடியே வரமாட்டாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று காலை தாசில்தார் ஜீப் வந்து நின்று, பஞ்சநதமும் முன்சீப்பும் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு வாய்க்கால் வரப்பில் காக்கிச் சட்டை ஒன்று வந்தது. போலீஸ் என்று நினைத்து மச்சான் துண்டை இறுக்கிக் கட்டினார். கிட்ட வந்தால் நீ! பண்ணைக்காரர்கள் முன்னால் செருப்புக் காலோடு நம் வீட்டு ஆண்பிள்ளை நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நீ பேசினதை இப்போது தெருவே பேசிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டே அதுதான். ராஜாத்தி இடுப்பில் கைவைத்து நீயாக நிற்கிறாள்: "ஐயா, இது களிமண் பூமி. பாலை இங்க தானா வராது. இந்த மணல் மேட்டுலயும் குடத்துத் தண்ணி ஊத்தின கை ஒண்ணு இருந்திருக்கணும்." பக்கத்து வீட்டுப் பையன் பஞ்சநதமாகக் கனைக்கிறான்: "காக்கா போட்டிருக்கும்ங்க. தானா முளைச்சுதுன்னு உப்பளத்தாளே சொன்னாளே!"

அப்போது நீ குழியில் இறங்கிக் கீற்றை எடுத்தாய். "அம்மா பயத்துல சொன்னதுங்க ஐயா. இதைப் பாருங்க. சாம்பல், சட்டி உடைஞ்சது, நத்தை ஓடு. வேர் இதுக்கு மேல ஏறிப் போகுது, ஓட்டைக் கவ்விப் பிடிச்சிருக்கு. அப்ப ஓடு முதல்ல, வேர் அப்புறம். மரம் வளர்றதுக்கு முந்தியே இங்க அடுப்பு எரிஞ்சிருக்கு." தாசில்தார் குனிந்து குடைக் கம்பியால் குத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏங்க, பண்ணை வீட்டுல நத்தை சாப்பிடறதுண்டா?" என்று கேட்டார். பஞ்சநதம் "சிவ சிவா" என்றார். தெருவே சிரித்தது. ஐந்து வீட்டுக்காரர்களுக்கும் அந்தச் சிரிப்பில் தொண்டை திறந்துகொண்டது. ஒவ்வொருவராக, "உப்பளத்தாள் ஊட்டுக் குப்பைங்க, எங்களுக்குத் தெரியும்ங்க" என்று ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் உனக்கே தெரியும். நீ கிளம்பின பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. தாசில்தார் அங்கேயே எழுதினார், ஆட்சேபணை தள்ளுபடி. மச்சான் வெட்டின மரத்தின் மேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நீ குழியிலிருந்து ஏறும்போது பஞ்சநதம் குனிந்து, "சாமிதுரை, உன் விசாரணைக் கடுதாசிக்கு இன்னும் பதில் போகலே, தெரியுமில்ல" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ "தெரியுங்க" என்று சொல்லி மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாய். அதற்கப்புறம் என்ன ஆயிற்று?

அக்கா அம்சம்


கோடியக்கரை,
25-11-1972

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். ராஜாத்திக்கு அன்பு. நான் நன்றாக இருக்கிறேன். தாமதத்துக்கு வேலைதான் காரணம்.

மனை நமக்கே என்று படித்ததும் எழுந்து நடந்தேன், உட்காரமுடியவில்லை.

இப்போது எனக்குக் கன்று வளர்க்கிற வேலை. பாலைக் கன்றைச் சட்டியில் வைத்து, அதன் தண்டையும் சப்போட்டாக் கிளையையும் கொஞ்சம் சீவிவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். மூன்று மாதத்தில் ஒன்றோடொன்று கூடிவிடும். பிறகு மேலே சப்போட்டா, கீழே பாலை வேர். இரண்டும் பங்காளிகள், அதனால்தான் சேருகிறது. பாலை வேர் பிடித்தால் எந்தக் காற்றுக்கும் சாயாது. நான் கட்டினதில் ஒன்றும் பட்டுப்போகவில்லை என்று இங்கே பெயர் வாங்கியிருக்கிறேன்.

மழை நன்றாகப் பெய்கிறது. கம்பளி வாங்கிக்கொண்டேன். வேறு விசேஷம் இல்லை.

அன்புத் தம்பி,
சாமிதுரை


கொத்தங்கரை,
17-1-1973

பேராவூரணி மூஸா ராவுத்தர் தோப்பில் இருக்கிற என் தம்பி சாமிதுரைக்கு அக்கா அம்சம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாட்டுப் பொங்கல் முடிந்து வீட்டில் கரும்புச் சக்கையாகக் கிடக்கிறது.

விலாசத்தைப் பார்த்துத் திருதிரு என்று விழிக்காதே. உள்ளே கோடியக்கரை என்று எழுதிவிட்டு வெளியே பேராவூரணி முத்திரையோடு கடிதம் அனுப்புகிற புத்திசாலி நீ ஒருவன்தான். சரி, அவசரத்தில் எங்கேயோ போட்டிருப்பாய் என்று விட்டேன். பொங்கலுக்கு உன்னைக் கூட்டிவர மச்சான் கோடியக்கரைக்கே போய்விட்டார். உன்னோடு வாட்சராக இருந்த பக்கிரி சொல்லிவிட்டார். ஊரிலிருந்து உன் நடத்தையைப் பற்றி மோசமாக எழுதி வந்ததாம். அக்டோபர் கடைசியிலேயே வேலை போய்விட்டதாம். ரேஞ்சர் ஐயா வருத்தப்பட்டு இந்தத் தோப்புக்குச் சொல்லி அனுப்பினாராம்.

அடப் பாவி, அதை என்னிடம் சொல்லாமல் கம்பளி வாங்கினேன் என்று எழுதுகிறாயே! மச்சான் வந்து சொன்னபோது பொங்கல் பானை அடுப்பில் இருந்தது. நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். பொங்கினதைப் பார்க்கவில்லை. எனக்கு மனை கிடைத்தது, உனக்கு வேலை போனது. உன் மேல் கோபம் என்று ஒரு கடிதத்தில் எழுதினேனே, அது எங்கே இருந்தாலும் கிழித்துப் போடு. எனக்குக் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த காட்டை நீ எனக்காக விட்டுவிட்டாய்.

பட்டா மார்கழியில் வந்தது. 'காளியம்மாள் மகள் அம்சம், மகன் சாமிதுரை' என்று இரண்டு பெயரும் இருக்கிறது. தாசில்தார் கேட்ட அன்றே நான் அப்படித்தான் சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை. மச்சான் மண்சுவர் வைத்து வீட்டைப் பெரிதாக்குகிறார். வெட்டின மரம்தான் நடுக்கால். ஆணி இறங்கமாட்டேன் என்கிறது, நாலு ஆணி வளைந்துபோயிற்று. எதையும் மாட்டமுடியாத கால் அது.

இன்னொரு சேதி. குழியை மூடின இடத்தில், அடிக்கட்டையைச் சுற்றித் தளிர் விட்டிருக்கிறது. ராஜாத்தி பாத்திரம் கழுவின தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றுகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள் நான் ஆடு தின்னாமல் முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சநதம் வரப்போடு போனவர் நின்றார். மனிதருக்குப் பழக்கம் விடவில்லை. "ஏ அம்சம், யாரைக் கேட்டு இங்க மரம் வளக்கிறே?" என்றார்.

என் வாயில் அம்மாவின் பதில்தான் முதலில் வந்தது. 'தானா முளைச்சுதுங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். முள்ளைக் கீழே போட்டு நிமிர்ந்து சொன்னேன், "என்னைக் கேட்டுதாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் தலை மறைந்த பிறகு அப்படியே தளிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

இதைச் சொல்ல அம்மா இல்லை. நீதான் இருக்கிறாய். உனக்குக் குழம்பு பாக்கி, உன் பாதி மனையில் நிற்கக்கூட நீ இன்னும் வரவில்லை. ராவுத்தரிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டு வா. வரும்போது சப்போட்டாக் கிளை ஒன்று ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வா. வேர் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உப்பளத்தாள் மகள் அம்சம்